சோலையம்மா பாட்டு

வடபழனி, சென்னை
18.11.2024

பொன்மணி,

என் நம்பரை நீ பிளாக் பண்ணி வச்சிருக்கே. உன் அண்ணன் போனுக்கு அடிச்சா 'அவ வேலைக்குப் போயிட்டா'ங்கிற ஒரே பதில். அதனாலதான் தபால்ல எழுதுறேன். தபால்காரரை உன்னால பிளாக் பண்ண முடியாது.

பெங்களூர்ல என்ன நடந்துச்சுன்னு நீ தெரிஞ்சுக்கணும். மேடைக்குப் பின்னாடி 'ஓலைவெடி'ன்னு நம்ம குழு பேரை ரெண்டு ஆள் உயரத்துக்குப் போட்டிருந்தாங்க. விருதுநகர்ல காலேஜ் மேடையில நீ பறையும் நான் கடன் வாங்கின கிட்டாருமா ஏறினோமே, அன்னையிலிருந்து நாம கனவு கண்ட கூட்டம் கீழே நின்னுச்சு. நீ மதுரையில ரயில் ஏறியிருப்பேன்னு நெனச்சு நான் சவுண்டு செக்கை முடிச்சேன். அப்பத்தான் உன் மெசேஜ் வந்தது. 'நான் வரல. சோலையம்மா பாட்டை இனிமே பாடமாட்டேன்.' அவ்வளவுதான்.

பாடுறவ நீ. பறை அடிக்கிறவ நீ. நான் கிட்டாரை மாட்டிக்கிட்டு தனியா ஏறினேன். வெறும் கிட்டார்லேயே மூணு நாலு பாட்டை வாசிச்சேன். ஜனம் 'சோலையம்மா, சோலையம்மா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. கிட்டாரைக் கழட்டிட்டு இறங்கி வந்துட்டேன்.

சோலையம்மாவோட மகள் அழகுமீனா உன் வீட்டுக்கு வந்து அந்தப் பாட்டைப் பாடக்கூடாதுன்னு சொன்னாளாம், நீ சரின்னு வாக்குக் கொடுத்துட்டியாம். இதுவும் உன் அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சோலையம்மா உங்க தெருக்காரங்க. பட்டாசுக் கம்பெனி விபத்துல அவுக இறந்தப்ப நீ அழுதுக்கிட்டே எழுதின வரிகள் அது. நான் மறுக்கல. ஆனா மெட்டு நான் போட்டது. அந்தப் பாட்டு ரெண்டு பேருக்கும் பொது. வாக்குக் கொடுக்கிறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?

இங்க ஒரு மியூசிக் கம்பெனி நம்ம பாட்டுகளை ஆல்பமாப் போடத் தயாரா இருக்கு. அந்தப் பாட்டு இருந்தாத்தான் ஆல்பம்னு சொல்றாங்க. பொங்கலுக்குள்ள ரெக்கார்டிங். நீ வரலேன்னா வேற குரலை வச்சுப் பாட வேண்டியிருக்கும். கோபத்துல சொல்லலை. யோசிச்சுப் பதில் எழுது.

சினேகா

*

திருத்தங்கல்
1.12.2024

சினேகாவுக்கு,

ஒன் கடுதாசி அப்பமே வந்துருச்சு. இங்கன காலண்டர் சீசன். பிரஸ்ஸுல, காலண்டர் தலையில தகரப் பட்டி அடிக்கிற மிசின்ல நிக்கேன். சாயங்காலம் வீடு வந்தா விரலு மடங்க மாட்டேங்குது. அது ஒரு சாக்கு. என்ன எழுதன்னு தெரியாம இருந்ததுதான் நெசம்.

ஒன்னயத் தனியா மேடையில விட்டது எனக்கு ஆறல. அதுக்காக வந்து அந்தப் பாட்டப் பாடியிருக்க முடியுமான்னு கேட்டா முடியாது. ரெண்டும் சேந்தே கெடக்கு.

மதுரை கச்சேரிக்கு எங்க தெருச் சனத்த வேன் புடிச்சுக் கூட்டியாந்தேன்ல. அழகுமீனா முன் வரிசையில இருந்தா. கடைசிச் சரணம் வரைக்கும் நல்லாத்தான் உக்காந்திருந்தா. வளையல வச்சு அடையாளம் கண்டாகன்னு ஒரு வரி வருமே, அந்த எடத்துல எந்திரிச்சா. யாரையும் பாக்காம வெளிய போயிட்டா. நீ கிட்டாரக் குனிஞ்சு பாத்துக்கிட்டு இருந்த. நான் பாத்தேன். பாத்துக்கிட்டே பாடி முடிச்சேன்.

மறுநாள் காலையில, வேலைக்குப் போறதுக்கு முந்தி எங்க வீட்டுக்கு வந்தா. கையில சோத்து வாளி. உள்ள வான்னேன். வரல. வாசல்ல நின்னே சொன்னா.

"அக்கா, நீங்க ஊரூராப் போயிப் பாடுறீக. பாடுற எடத்துலெல்லாம் எங்கம்மா திரும்பத் திரும்பச் சாகுது. டீக்கடையில சாகுது. பஸ்ஸுல எவனோ போன்ல வச்சுக் கேக்கான், அங்கயும் சாகுது. ஒரு தடவ செத்துச்சு, அத நான் போயிப் பாத்தேன். இன்னும் எத்தன தடவக்கா?"

சத்தம் போடல. அழல. வெல ஏறிப் போச்சுன்னு சொல்லுத மாதிரி சொன்னா. கம்பெனி வேன் வந்து ஆரன் அடிச்சது, போயிட்டா. அவளும் பட்டாசுக் கம்பெனியிலதான் சரம் பின்னுதா, ஒனக்குத் தெரியும்.

நீயே சொல்லு. 'இரு தாயீ, சினேகாவக் கேட்டுட்டுச் சொல்லுதேன்'னு அந்தப் புள்ளகிட்ட நான் சொல்லணுமா?

வேற குரலுக்குப் பாடக் குடுக்கணும்னா மெட்டக் குடு, அது ஒன்னது. வரிய நான் தரமாட்டேன்.

ஒன் நம்பர பிளாக் பண்ணுனது வெறுப்புல இல்ல. நீ பேசுனா நான் சரின்னுருவேன். காலேஜுல இருந்து அப்படித்தான நடந்திருக்கு. இந்தத் தடவ சரின்னு சொல்லிறக் கூடாதுன்னு பயந்துதான் பண்ணேன்.

பொன்மணி

*

வடபழனி
8.12.2024

பொன்மணி,

'நீ பேசுனா நான் சரின்னுருவேன்'னு எழுதியிருக்கே. அதைப் படிச்சதிலிருந்து எனக்கு என்னவோ போல இருக்கு. நாம ரெண்டு பேரும் சேர்ந்து முடிவெடுக்கிறோம்னுதான் நான் இத்தனை நாளும் நெனச்சேன். சரி, கடிதத்துல நான் உன் பேச்சுக்குக் குறுக்கே வர முடியாது. நீயும் என் பேச்சை முழுசாக் கேளு.

அழகுமீனா சொன்னது எனக்கு வலிக்காம இல்ல. ஆனா கோயம்புத்தூர்ல ஒரு அம்மா மேடைக்குப் பின்னாடி வந்தாங்களே, கல்குவாரியில புருஷனைப் பறிகொடுத்தவங்க. உன் கையைப் பிடிச்சுக்கிட்டு 'எங்களை யாரும் பாடினதில்ல'ன்னு சொன்னாங்க. அதுவும் நடந்ததுதானே? விபத்து நடந்தா பேப்பர்ல 'பெண் தொழிலாளி பலி'ன்னு ஒரு வரி வரும், மறுநாள் அதுல பஜ்ஜி மடிப்பாங்க. அந்தப் பாட்டாலதான் சோலையம்மாங்கிற பேரு வெளியில தெரிஞ்சுச்சு. அதை அப்படியே புதைச்சுடலாம்னு சொல்றியா?

இன்னொண்ணையும் சொல்லிடறேன். கம்பெனிக்காரங்க ஒரு பாடகியை வரவழைச்சு நம்ம பாட்டைச் சும்மா பாடிப் பார்க்கச் சொன்னாங்க. நெட்ல இருக்கிற வரிகளை அந்தப் பொண்ணு எழுதி வச்சிருந்தா. நல்ல பயிற்சி, குரல்ல ஒரு குறை சொல்ல முடியாது. வளையல் வரி வந்ததும் நிறுத்தி, 'இந்த இடத்துல அழுகையைக் கொஞ்சம் கூட்டட்டுமா?'ன்னு கேட்டா. இன்ஜினியர், 'கூட்டும்மா, பாட்டு ஹிட் ஆனதே அங்கதான்'னார்.

நான் எந்திரிச்சுட்டேன். ஹெட்போனைக் கழட்டி வச்சுட்டு தலைவலின்னு சொல்லி வந்துட்டேன். அதுக்கப்புறம் போகல.

அதனால உன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். அழகுமீனாவுக்கு என்ன வேண்டாம்னு கேட்டுக்கிட்டே. என்ன வேணும்னு கேட்டியா?

சினேகா

*

திருத்தங்கல்
16.12.2024

சினேகா,

நீ கேட்ட கேள்வி சரியான கேள்வி. நான் கேக்கல. வேண்டாம்னு சொன்ன ஒடனே தலைய ஆட்டிட்டு உள்ள ஓடுனவ நான்.

இங்கன விடாம மழ. மழ பேஞ்சா வெடிமருந்து காயாது, பட்டாசுக் கம்பெனிக்கெல்லாம் லீவு. எங்களுக்கும் கரண்டு இல்ல. அழகுமீனா வீட்டுக்குப் போனேன். நான் வாயத் தொறக்குமுன்ன அவளே, "இருக்கன்குடிக்குப் போறேன், வாறீகளாக்கா?"ன்னு கேட்டா. போனோம்.

சாத்தூர்ல பஸ் மாறிப் போயி, மாரியம்மனக் கும்பிட்டுட்டு, நனஞ்ச சேலையோட ஒரு கடையில பணியாரம் தின்னுக்கிட்டு இருந்தோம். அப்பக் கேட்டேன். "ஒங்கம்மாவப் பத்தி நான் என்ன பாடுனா ஒனக்கு நல்லாருக்கும் தாயீ?"

கையில இருந்த பணியாரத்தக் கீழ வச்சா. பெறகு என்ன சொன்னாங்குத, "எங்கம்மா எம்புட்டுச் சிரிக்கும் தெரியுமாக்கா?"

எனக்குத் தெரியும் சினேகா. அவுக சிரிப்பக் கேட்டுத்தான் எங்க தெருவுல வேன் வந்துருச்சுன்னு தெரியும். தெரிஞ்சும் ஒரு வரி எழுதல.

பெறகு அவளா சொல்ல ஆரம்பிச்சா. அவுக கம்பெனி போர்மேன் மூக்கால பேசுவாராம். "வேல நேரத்துல வாய மூடுங்கம்மா, வாய மூடுங்கம்மா"ன்னு அவரு சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்புன ஒடனே, அவரு மாதிரியே அவுகம்மா சொல்லிக் காட்டுவாகளாம். சரம் பின்னுத பொம்பளைக எல்லாம் சேலத் தலப்ப வாயில வச்சு அமுக்கிக்கிட்டுச் சிரிப்பாகளாம். ஒருநா அவரே பின்னால நின்னு கேட்டுட்டு, "நான் இம்புட்டு மோசமாவா பேசுதேன்?"ன்னாராம். "இல்ல சார், கூடக் கொஞ்சம் மோசம்"ன்னாகளாம்.

வீட்டுல சின்னப் புள்ளையில இவ சாப்பிட மாட்டேன்னு அடம் புடிச்சாலும், அவுகம்மா போர்மேன் குரல்லதான் ஊட்டுவாகளாம். வாய மூடச் சொல்லுத போர்மேன் இவள மட்டும் வாயத் தொறக்கச் சொல்லுவாராம்.

கடக்காரம்மா எங்களத் திரும்பித் திரும்பிப் பாக்க ஆரம்பிச்சுட்டாக. அம்புட்டுச் சிரிச்சோம். பெறகு அவ கையத் தொடச்சுக்கிட்டே சொன்னா.

"எங்கம்மா அம்புட்டு வருசம் இருந்துச்சுக்கா. நீங்க அந்த ஒரு நாளத்தான் பாடுறீக."

நான் இன்னும் பாட்டு ஒண்ணும் எழுதல. இத மட்டும் ஒனக்கு ஒடனே எழுதணும்னு தோணுச்சு.

பொன்மணி

*

வடபழனி
5.1.2025

பொன்மணி,

உன் கடிதத்தை எத்தனை தடவை படிச்சேன்னு எனக்கே தெரியல. அழகுமீனா சொன்ன அந்தக் கடைசி வரியில நம்ம பழைய பாட்டு முடிஞ்சு போச்சு. இனிமே நீ பாடுன்னு சொன்னாலும் என் கை அந்த மெட்டை வாசிக்காது.

மியூசிக் கம்பெனிக்குப் போயி, அந்தப் பாட்டு கிடையாதுன்னு சொல்லிட்டேன். கம்பெனிக்காரர் மரியாதையான மனுஷர். காபி வரவழைச்சார். 'அப்ப பார்க்கலாம்மா'ன்னார். பார்க்க மாட்டோம்னு அர்த்தம். படி இறங்கும்போது எனக்கு அழுகை வரும்னு நெனச்சேன். வரல. பசிதான் வந்தது. ரெண்டு தோசை தின்னுட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன். பெங்களூர்ல இருந்து தோள்ல ஏறி உட்கார்ந்திருந்த எதுவோ இறங்கிப் போன மாதிரி இருந்துச்சு.

வந்த உடனே கிட்டாரை எடுத்தேன். இந்தத் தடவை வேகமான மெட்டு. உன் பறைக்கு நடுவுல நல்லா இடம் விட்டிருக்கேன். மூக்கால பேசுற போர்மேனுக்கு கிட்டார்லயே ஒரு குரல் கிடைச்சிருக்கு, கம்பியை இழுத்து விட்டா அப்படியே 'வாய மூடுங்கம்மா'ன்னு கேக்குது. பக்கத்து போர்ஷன்காரங்க கதவைத் தட்டி, எதாவது ரிப்பேரான்னு கேட்டாங்க.

ஆனா ஒரு விஷயம் எனக்கு உறுத்துது. சிரிப்பை மட்டும் பாடிட்டு, அவுக எப்படிப் போனாங்கன்னே சொல்லாம விட்டா அது பொய் ஆகாதா? அப்படி ஒரு பாட்டு இருந்தா பட்டாசுக் கம்பெனி முதலாளிங்களே தீபாவளி போனஸ் விழாவுல அதைப் போட்டு ஆடுவாங்க. அவுக வேலையில இருந்தப்பதான் செத்தாங்க. அதை மறைக்க நான் வரமாட்டேன். இந்த இடத்துல நீ சரின்னு சொல்ல வேண்டாம். அழகுமீனாகிட்ட கேட்டுட்டு, நீயும் யோசிச்சு, எனக்கு மறுத்து எழுதினாலும் சரி.

சினேகா

*

திருத்தங்கல்
26.1.2025

சினேகா,

ஒன் கடுதாசிய அழகுமீனாவுக்கு வாசிச்சுக் காட்டுனேன். போனஸ் விழாவுல ஆடுவாகன்னு எழுதியிருந்தியே, அதுக்கு, "அந்தக்கா சொல்றது நெசந்தான்"னா. கோவப்படல. நாலு நாள் வேலைக்குப் போயி வந்துக்கிட்டு இருந்தா. பெறகு ஒரு சாயங்காலம் வந்து உக்காந்து, அன்னைக்குக் காலையில அவுகம்மா வேன்ல ஏறுனது வரைக்கும் சொன்னா. அதுக்குமேல சொல்லல. "இதோட நிப்பாட்டுங்கக்கா. மிச்சத்த நீங்க பாட வேண்டாம். கேக்கறவுக தானா நெனச்சுக்கிடுவாக"ன்னா.

நான் அத அப்படியே வரியா வச்சுட்டேன்.

ஆறு மணி வேனு வந்து ஆரன் அடிக்குது,
அள்ளி முடிஞ்ச கொண்டையோட அம்மா ஓடி ஏறுது,
சன்னல் வழி கைய நீட்டிச் சத்தம் போடுது:
சட்டியில கொழம்பு இருக்கு, சாஞ்சிராம மூடு.

அதோட குரல் நிக்குது. ஒன் கிட்டாரும் பாதியில நிக்கட்டும். முடிக்காத. இழுக்காத. முடியாம நின்னாத்தான் அது அவுக.

இங்கன எங்க சனத்துக்கு அந்த எடத்துல எல்லாம் புரிஞ்சிரும். பெங்களூர்ல புரியுமான்னு தெரியல. ஏன் நின்னுச்சுன்னு ஒருத்தர் கேட்டாப் போதும். நாம சொல்லுவோம்.

இதுக்கு நான் ஒனக்குச் சரின்னும் சொல்லல, மாட்டேன்னும் சொல்லல. மூணு பேருமாச் சேந்து வந்த எடம் இது.

பங்குனிப் பொங்கலுக்கு எங்க தெருவுல மேடை போடுதாக. மொத மொத அங்கனதான் பாடணும். சனம் ஏத்துக்கிட்டா எங்கயும் பாடுவோம். ஏத்துக்கிடலேன்னா எங்கயும் வேண்டாம். நீ வாறியா?

ஒன் நம்பரத் தெறந்துட்டேன். மெட்ட அனுப்பு. ஆனா பேச வேண்டியத தபால்லயே எழுது. போன்ல நீ ரொம்ப வேகம்.

பொன்மணி

*

வடபழனி
14.4.2025

பொன்மணி,

ஊர்ல இருந்து வந்ததும் உனக்கு எழுதணும்னு உட்கார்ந்தேன். இந்தத் தடவை நீ கண்ணை மூடிக்கிட்டே பாடினே. அதனால நீ பார்க்காததை நான் சொல்றேன்.

அழகுமீனா மேடைக்கு நேரா உட்காரல. பந்தக்கால் பக்கத்துல, எப்ப வேணும்னாலும் கிளம்பிப் போற மாதிரி நின்னா. நான் அவளைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன், ரெண்டு இடத்துல கை தப்பிருச்சு. போர்மேன் வரி வந்ததும் முன்னாடி உட்கார்ந்திருந்த பொம்பளைங்க முதல்ல ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கிட்டாங்க. இது சிரிக்கலாமா, கூடாதான்னு. அப்புறம் ஒரு அம்மா தலைப்பை வாயில வச்சு அமுக்கிட்டு குலுங்க ஆரம்பிச்சாங்க. அவ்வளவுதான், வரிசை முழுக்கப் பரவிருச்சு. அழகுமீனா சிரிக்கல. ஆனா போகவும் இல்ல.

குழம்புச் சட்டி வரியில நீ நிறுத்தினே. நானும் நிறுத்தினேன். யாரும் கை தட்டல பொன்மணி. பக்கத்துத் தெரு ரேடியோ கேக்குற அளவுக்கு அமைதி. பெரிய பொம்பளைங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. தப்புப் பண்ணிட்டோம், இந்தத் தெருவுக்கு இனிமே நான் வர முடியாதுன்னு நெனச்சேன். நீ கண்ணைத் திறக்கவே இல்ல.

அப்பத்தான் பந்தக்கால் பக்கத்துல இருந்து அவ குரல் வந்தது. "போர்மேன் அப்படிப் பேச மாட்டாருக்கா."

அவ மேடைக்கு ஏறி வந்து உன் மைக்கை வாங்கினது உனக்குத் தெரியும். ஆனா அவ மூக்கால 'வாய மூடுங்கம்மா'ங்கிற அந்த ஒரு வரியைச் சொன்னதும் எனக்குப் பின்னாடி ஜெனரேட்டர் பக்கம் நின்ன அவ அப்பா என்ன பண்ணினார்னு நீ பார்க்கல. அவர் அப்படியே தரையில உட்கார்ந்துட்டார். நான் பதறிப் போய்த் திரும்பினா, மனுஷன் சிரிச்சுக்கிட்டு இருக்கார். கண்ணீரு ஓடுது, ஆனா சிரிக்கிறார். "அப்படியே அவ"ன்னார். அதுக்கப்புறம் தெருவே சேர்ந்து மறுபடியும் பாடச் சொன்னப்ப, பெங்களூர்ல கேக்காம போன கைதட்டலெல்லாம் சேர்த்து எனக்குக் கேட்டிருச்சு.

யாரோ எடுத்த வீடியோவைப் பார்த்துட்டு அந்த மியூசிக் கம்பெனிக்காரர் நேத்து கூப்பிட்டார். இந்தப் பாட்டு வேணுமாம். ஆல்பத்தையும் போடலாமாம். எனக்கு வாயில சரிங்கிற வார்த்தை வந்துருச்சு. முழுங்கிட்டேன். 'பொன்மணியையும் அழகுமீனாவையும் கேட்டுட்டுச் சொல்றேன் சார்'னேன். 'அழகுமீனா யாரு?'ன்னு கேட்டார். 'போர்மேன்'னேன்.

நீங்க ரெண்டு பேரும் வேண்டாம்னா வேண்டாம். எனக்கு இப்ப எது நடந்தாலும் நல்லாத்தான் தூக்கம் வரும்.

சினேகா

*

திருத்தங்கல்
4.5.2025

சினேகா,

அழகுமீனா சம்மதம்னுட்டா. எனக்கும் சம்மதம். அவ ரெண்டு விசயம் சொன்னா. போர்மேன் குரல அவதான் பேசணுமாம், கிட்டாரக் கொண்டு பேச வைக்கக் கூடாதாம். பாட்டு எந்த ஊருல பாடுனாலும் அவுகம்மா பேர முழுசாச் சொல்லணுமாம், சோலையம்மாள்னு. ரெண்டும் ஞாயந்தான். ஒன் கிட்டாருக்கு வேற எடம் பாத்துக்கிடுவோம்.

ரெக்கார்டிங்க மதுரையில வைக்கச் சொல்லு. ஞாயித்துக் கெழமைன்னாத்தான் அவளுக்கு லீவு. நான் பிரஸ்ஸுல சொல்லிட்டேன். காலண்டர் வேல ஆடிக்கு மேலதான் சூடு புடிக்கும், அதுவரைக்கும் நீ எந்த ஊருக்குக் கூப்பிட்டாலும் வாறேன். ரயில் ஏறிட்டு ஒனக்கு ஒரு போட்டோ எடுத்து அனுப்புதேன், நீ பயந்துக்கிட்டு இருக்க வேண்டாம்.

இன்னொண்ணு ஒனக்குச் சொல்லணும். இப்ப அவ அடிக்கடி வாறா. வேலவிட்டு வந்து, கையில ஒட்டியிருக்க வெடிமருந்துப் பொடியக் கூடக் கழுவாம எங்க வீட்டு வாசல்ல உக்காந்து, "அக்கா, எங்கம்மாவப் பத்தி இன்னொண்ணு ஞாபகம் வந்துச்சு"ங்கா. நேத்து சொன்னா, "முன்னெல்லாம் அம்மாவ நெனச்சா அந்தக் கடைசி நாள்தான்க்கா வரும். வேற எதுவும் வராது, கதவு அடச்ச மாதிரி இருக்கும். இப்ப வேற வேற நாளா வருது."

நேத்து வந்த நாள் எதுன்னு கேளு. ஒருநா பேச்சு சுவாரசியத்துல அவுகம்மா வேற கம்பெனி வேன்ல ஏறிட்டாகளாம். எறங்கும்போதும் பேச்சு நிக்கல. அப்படியே உள்ள போயி, ஒரு எடத்துல உக்காந்து, கூட இருந்த பொம்பளைகளோட சேந்து சரம் பின்ன ஆரம்பிச்சுட்டாக. டீ குடுக்கும்போதுதான் அந்தக் கம்பெனி மேஸ்திரி வந்து பாத்துட்டு, "நீ யாரும்மா?"ன்னாராம்.

இவுக கிளாசக் கீழ வைக்காமக் கேட்டாகளாம், "ஏன் சார், எங்க கம்பெனியில டீ இம்புட்டு நல்லா இருக்காது. நாளைக்கும் வரட்டுமா?"

பொன்மணி